கடிதத்தில் நான் மாற்றாத வரி

நாற்பத்திரண்டு வயது வரைக்கும் இங்கிலாந்தை யார் ஆள்கிறார்கள் என்பது எனக்குத் தேவைப்படாத செய்தி. மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், சர்ச் அசன விருந்து அழைப்பு, வாடகை ஒப்பந்தம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்துக் கொடுப்பேன். அதே கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் யார் வீட்டுக் கல்யாணமோ, மறு பக்கம் லண்டன் பாராளுமன்றச் செய்தி என்று திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவனாக நான் மாறியதற்குக் காரணம் என் மனைவி.

அவள் செம்பூரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவள். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை எங்கள் வீடு. மகளுக்கு அப்போது எட்டு வயது. வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் ஏறிய வேகத்துக்கு எங்கள் இருவர் வருமானமும் ஈடு கொடுக்கவில்லை. உக்ரைனில் போர் தொடங்கிய சமயம் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறி, எங்கள் வீட்டில் பூரி சுடுவது நின்றுபோனது. பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதில் போட்டிருந்த விலையையே பார்த்துக்கொண்டு நின்றாள் என் மனைவி. அவளோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் அதற்குள் இங்கிலாந்து போய்விட்டிருந்தாள். முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆறே மாதத்தில் புருஷனையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

நாங்களும் அதே வழியில் கிளம்பினோம். ஆங்கிலப் பரீட்சைக்கு அவள் ரயிலில் நின்றுகொண்டே படித்தாள். முதல் தடவை அரை மதிப்பெண்ணில் போயிற்று. இரண்டாவது தடவை தேறினாள். காகிதங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தபோதுதான் அங்கே அரசாங்கம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் இனிக் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. ஒரு தேதிக்கு முன்னால் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. எங்கள் விண்ணப்பம் அந்தத் தேதிக்கு மூன்று வாரம் பின்னால் விழுந்தது.

தேதி என்றால் என்னவென்று தாராவிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குடிசைகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக எங்கள் சந்தில் வீடுகளை அளக்க வந்தவர்கள் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி: எந்த வருஷத்துக் காகிதம், கீழ்த்தளமா மாடியா? அந்தப் பதிலை வைத்துத்தான் ஒரு குடும்பம் இங்கேயே இருக்குமா, எங்கோ தூரத்துக்குப் போகுமா என்பது முடிவாகும். அதனால் லண்டனில் யாரோ ஒருவர் ஒரு தேதியை எழுதி எங்களை வெளியே நிறுத்தியபோது, எனக்கு ஆத்திரம் வந்ததே தவிர ஆச்சரியம் வரவில்லை.

போவதா வேண்டாமா என்று நான்கு நாள் பேசினோம். முடிவை அவள்தான் எடுத்தாள்.

"மூணு வருஷம் நான் மட்டும் போயிட்டு வாரேன். அவளுக்குச் சடை பின்ன மட்டும் நீங்க படிச்சுக்கிடணும்" என்றாள்.

படித்துக்கொண்டேன். அடுத்த சந்தில் இருந்த என் அக்கா இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் நாள் முதல் கோணலாகவேனும் இரட்டைச் சடை பின்னி மகளைப் பள்ளிக்கு அனுப்பினேன்.

மனைவி போய்ச் சேர்ந்த சில வாரங்களில் அங்கே தேர்தல் வந்தது. அந்த விதியைப் போட்ட கட்சி மோசமாகத் தோற்றது. நான் கடையை மூடிவிட்டு வரும்போது பேக்கரியில் மாவா கேக் வாங்கிக்கொண்டு போனேன். எதற்கு என்று மகள் கேட்டாள். இனிமேல் அம்மாவிடம் நாம் போகலாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. புது அரசாங்கம் அந்த விதியைத் தொடவே இல்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது பேசியவர்களும் பதவிக்கு வந்தபின் அதே குரலில்தான் பேசினார்கள். வருகிறவர்களைக் குறைக்கிறோம் என்று சொல்வதில் அங்கே இரண்டு பக்கத்துக்கும் போட்டி இருந்தது. யார் அதிகம் குறைப்பது என்பதுதான் சண்டை. ஒரு மாதம் கழித்து, மம்மியிடம் எப்போது போகிறோம் என்று மகள் இந்தியில் கேட்டாள். இங்கிலாந்து அரசியலை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? கேக் வாங்கியது என் தப்பு என்று மட்டும் சொன்னேன்.

மனைவி இருந்தது அந்நாட்டின் வடகிழக்குக் கடற்கரையில் ஒரு சிறிய ஊர். காலையில் ஐந்து வீடு, மாலையில் ஐந்து வீடு. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மாத்திரை கொடுப்பது, ஒரு டோஸ்ட் வைத்துக் கொடுப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் அரை மணி நேரம். அவர்களில் ஒருவரைப் பற்றி அவள் அதிகம் பேசினாள். எண்பத்து மூன்று வயது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஊரில் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்துவிட்டார், மகன் ஆஸ்திரேலியாவில். கால் வீங்கி, தனியாகக் குளிக்க முடியாத நிலை.

"வீட்டுக்குள்ளயே கோட்டும் தொப்பியும் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஹீட்டரப் போடுங்கன்னா, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போடுவேங்காரு. நான் குளிப்பாட்டுற அரை மணி நேரமாவது போடச் சொல்லி தெனமும் சண்ட" என்றாள்.

போரால் அங்கே ஏறிய எரிவாயு விலை பிறகு முழுதாக இறங்கவே இல்லை. குளிர்காலத்தில் முதியவர்களுக்குக் கிடைத்துவந்த உதவித்தொகையையும் புது அரசாங்கம் பலருக்கு நிறுத்திவிட்டது. அவருக்கும் நின்றது. பென்ஷன் வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருந்ததாம். அதிலும் ஒரு கோடு, அதற்கு வெளியே அவர். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அடுத்த வாரம் அந்த இரக்கம் போய்விட்டது. அவர் சுவரில் ஒரு கட்சியின் நோட்டீஸ் ஒட்டியிருப்பதாக மனைவி சொன்னாள். வெளிநாட்டுக்காரர்களை நிறுத்த வேண்டும் என்பதையே முழுநேரப் பேச்சாக வைத்திருந்த கட்சி. அவர் ஓட்டுப் போட்டதும் அதற்குத்தான். அவளிடமே சொல்லியிருக்கிறார். அந்த ஆளுடைய காலைக் கழுவிவிடவா நீ போனாய் என்று நான் கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

டிசம்பரில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாளும் இறங்காததால் செம்பூரில் மனைவி வேலை பார்த்த அதே நர்சிங் ஹோமில் சேர்த்தேன். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னதும், மணி என்ன என்று யோசிக்காமல் மனைவியைக் கூப்பிட்டேன். மதியம் ஒன்றரை. அவளுக்குக் காலை எட்டு மணி. பஸ் ஓட்டிய அந்தப் பெரியவர் வீட்டில் இருந்தாள். வேலை நேரத்தில் போனை எடுக்கக் கூடாது என்பது விதி. இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை அவரே எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவள் சமையலறையில் நின்று என்னோடு தமிழில் பேசினாள், மகளிடம் பேசினாள், பிறகு அழுதாள். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் என்ன நடந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிள்ளையைக் கூட்டிவராமல் ஏன் வந்தாய் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். கூட்டிவர உங்கள் சட்டத்தில் இடமில்லை என்று அவள் சொன்னதும், அப்படி ஒரு சட்டம் இருக்க முடியாது என்று வாதாடினார். மறுநாள் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் வந்ததும், நீ சொன்னது சரிதான் என்றார்.

மகள் ஆறாம் நாள் வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு தினமும் அவர் கேட்ட முதல் கேள்வி அவளைப் பற்றித்தான். ஒரு நாள் வீடியோவில் என்னையும் பார்க்க வேண்டும் என்றார். அவர் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியவில்லை. என்னுடையது அவருக்கு முக்கால்வாசி புரிந்திருக்காது. பஸ் ஓட்டியதைப் பற்றிச் சொன்னார். நான் என் கடையைத் திருப்பிக் காட்டினேன். டைப் அடிப்பதுதான் தொழிலா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஜனவரியில் மனைவியின் போனிலிருந்து மூன்று படங்கள் வந்தன. கோடு போட்ட தாளில், நடுங்கும் கையால், எல்லாம் பெரிய எழுத்துகளில் ஒரு கடிதம். பெரியவர் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியது. முன்பு ஹீட்டர் உதவித்தொகைக்காகக் கையால் எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லையாம். டைப் அடித்து வந்தால்தான் படிப்பார்கள் என்று அவர் நம்பினார். அதை நான் அடித்து அனுப்ப வேண்டும்.

நல்ல கடிதம். எண்பத்து மூன்று வயதில் என்னைக் குளிப்பாட்ட ஒருத்தி கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது, சொந்த ஊரில் அந்த வேலைக்கு யாரும் வருவதில்லை, அவளுடைய ஒன்பது வயது மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த செய்தியை அவள் என் சமையலறையில் நின்று கேட்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இது சரியில்லை என்று எழுதியிருந்தார். அந்தப் பிள்ளை அவள் தாயிடம் வர வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி: 'இந்த நாட்டுக்குள் வருகிறவர்கள் மிக அதிகம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அடுத்த முறையும் அப்படியே வாக்களிப்பேன்.'

எல்லாவற்றையும் அடித்தேன். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். என் தொழிலில் இது புதிதல்ல. கல்யாணப் பத்திரிகையில் கோபத்தில் விட்டுப்போன சித்தப்பா பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். கண்ணீர் அஞ்சலியில் வேண்டாத வார்த்தையைக் கேட்காமலே எடுத்திருக்கிறேன். அந்த வரி இல்லாமல் படித்துப் பார்த்தேன், கடிதம் இன்னும் அழகாக இருந்தது. பிரிண்ட் கூட எடுத்துவிட்டேன். அனுப்பத்தான் கை வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்து, மனைவி அங்கே இருக்கும் நேரம் பார்த்து அவரைக் கூப்பிட்டேன். அந்த வரி வேண்டுமா என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டு பக்கமும் புரிய வேண்டும் என்பதற்காக மனைவி நடுவில் நின்று சொன்னாள்.

அவர் சொன்னதை மனைவி அப்படியே தமிழில் சொன்னாள்.

"அத எடுத்துட்டா இந்தக் கடிதம் நீங்க எழுதுனதுன்னு நெனப்பாங்களாம். அவர மாதிரி ஆளே கேக்காரேன்னு தெரிஞ்சாத்தான் படிப்பாங்களாம். அதோட, அது அவரு நெனைக்கறதுதானாம். பொய் சொல்ல மாட்டேங்காரு."

வரியைத் திரும்பச் சேர்த்தேன். சேர்க்கும்போது மனம் சரியாக இல்லை. ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் வேறொன்று ஞாபகத்துக்கு வந்து, அதைவிட மோசமாக உறுத்தியது. போன வருடம் எங்கள் சந்துக் கூட்டத்தில் நான் எழுந்து பேசியிருக்கிறேன். எம்ப்ராய்டரி பட்டறைகளில் வடக்கிலிருந்து வந்த பையன்கள் நிறைந்துவிட்டார்கள், தண்ணீர் லைனில் அவர்கள்தான், ரூம் வாடகையை ஏற்றியதும் அவர்கள்தான், இதற்கு ஒரு வரைமுறை வேண்டும் என்று சொன்னேன். கை தட்டினார்கள். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரில் நின்ற காலத்தில், மதராஸி திரும்பிப் போ என்று கத்திக்கொண்டு வந்தவர்கள் அவர் வேலை பார்த்த கடையின் ஷட்டரில் கல்லெறிந்தார்கள். உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்ததை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வளர்ந்த நான்தான் அந்தக் கூட்டத்தில் பேசினேன். பெரியவராவது தன் வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

கடிதம் போனது. ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. கனமான தாளில் இரண்டு பத்தி. எழுதியதற்கு நன்றி, உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம், வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது அரசின் கொள்கை, அதில் மாற்றமில்லை. போனில் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, ஆளும் கட்சியையும் எதிர்க்கட்சியையும் ஒரே கெட்ட வார்த்தையால் திட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எங்களுக்காக அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிய முதல் ஆள் நீங்கள்தான் என்று சொன்னேன். அது உண்மை.

ஜூன் கடைசியில் மனைவிக்கு இரண்டு வாரம் லீவு கிடைத்தது. வளைகுடா வழியாக டிக்கெட். அவள் விமானம் ஏற லண்டன் போய்ச் சேர்ந்த அன்று வளைகுடாப் பக்கம் ஏவுகணைகள் பறந்தன, வான்வழியை மூடினார்கள், அவள் விமானம் ரத்தானது. ஐந்து நாள் அப்படியே போயிற்று. அதில் இரண்டு நாள் விமான நிலையத் தரையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். வேறு வழியில் டிக்கெட் மாற்றி வந்து இறங்கிய அன்று இங்கே கொட்டும் மழை. நான் அவளைக் கூட்டிவந்த டாக்ஸி சயானில் தண்ணீரில் நின்றுவிட, கடைசி ஒரு கிலோமீட்டர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம்.

மகள் வாசலில் நின்றாள். ஓடி வரவில்லை. "கைஸி ஹோ?" என்று இந்தியில் நலம் கேட்டாள், வந்த விருந்தாளியிடம் கேட்பது போல. அவளுடைய தமிழ் அந்த ஒரு வருடத்தில் மெலிந்துவிட்டிருந்தது. தமிழ் பேசுவதே என்னோடு கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் பள்ளியும் இந்தியும். என் மனைவி தமிழிலேயே பதில் சொன்னாள். முதல் இரண்டு நாள் மகள் என் பக்கம்தான் படுத்தாள். மூன்றாம் நாள் காலையில் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். நான் கடைக்குப் போகாமல் நின்று பார்த்தேன்.

எங்களுக்குக் கிடைத்தது ஒன்பது நாள். அவள் திரும்பிப் போனபோது மகள் விமான நிலையத்துக்கு வர மறுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அங்கே இன்னொரு பேச்சு கிளம்பியது. மகளை அங்கே கூப்பிட மிச்சமிருந்த ஒரே வழி நிரந்தரமாகத் தங்கும் உரிமை; அதற்கு ஐந்து வருடம் காத்திருந்தது போதாது, பத்து, சிலருக்கு அதற்கும் மேலே என்று மாற்றப்போகிறார்கள். நான் அந்தச் செய்தியை இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தேன். அவள் வேறு வழியில் தெரிந்துகொண்டாள்.

"பத்து வருஷம்னா அவளுக்குப் பத்தொம்பது ஆயிரும். அப்போ நான் யாருக்குச் சட பின்ன?" என்றாள்.

மூன்று வருடம் என்ற கணக்கை அன்றைக்கே முறித்தோம். நான் வரச் சொல்லவில்லை, அவள் வரட்டுமா என்று கேட்கவும் இல்லை. டிக்கெட் பார் என்று மட்டும் சொன்னாள். பெரியவரிடம் சொல்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டதும் அவர், இன்னும் முன்னாலேயே போயிருக்க வேண்டும் என்றாராம். கடைசி நாள் காலை எட்டு மணிக்கு அவள் உள்ளே போனபோது வீடு கதகதப்பாக இருந்திருக்கிறது. அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து ஹீட்டரைப் போட்டு வைத்திருந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தார். இவ்வளவு நாளில் கோட் இல்லாமல் அவரை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது அவள் செம்பூரில் பழைய நர்சிங் ஹோமுக்குத் திரும்பிவிட்டாள். சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல். வாடகையும் கூடியிருக்கிறது, சிலிண்டரும் கூடியிருக்கிறது, போகும்போது எதற்காகப் போனாளோ அது தீரவில்லை. மகளின் தமிழ் மெல்லத் திரும்புகிறது. பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார். அவருக்கு இப்போது வருகிற பெண் அவசரக்காரி, பத்து நிமிடத்தில் போய்விடுகிறாளாம். அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு அவ்வளவு வீடு கொடுத்திருக்கிறார்கள் என்கிறார்.

அண்மையில் அவர் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதே கட்சிக்கே போட்டேன் என்று அவராகவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கடிதத்தில் எழுதியிருந்ததுதான், எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இவ்வளவுக்கும் பிறகா என்று இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. மனைவி துணி மடித்துக்கொண்டே அதைப் பார்த்தாள். உனக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. அதுக்கு? அவரு கட்சி மாறணும்னா நான் அவரக் குளிப்பாட்டுனேன்?" என்றாள். பிறகு, "வருத்தமா இருக்குன்னு அவருகிட்டயே சொல்லுங்க. போன எடுக்காம இருந்தா அவருக்கு எப்படித் தெரியும்" என்றாள்.

அன்று மாலை நானே கூப்பிட்டேன். இருபது நிமிடம் பேசினோம். எனக்கு வருத்தமாக இருக்கிறது என்றும், ஏன் என்றும் சொன்னேன். என் அப்பா ஷட்டருக்குள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன், சந்துக் கூட்டத்தில் நான் பேசியதையும் சொன்னேன். இடையில் ஒரு தடவை, மெதுவாகச் சொல் என்றார், மற்றபடி குறுக்கிடவில்லை. ஒத்துக்கொண்டதாகவும் சொல்லவில்லை. அந்த வடக்கத்திப் பையன்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அவர்களில் யாரோடும் நான் பேசியதில்லை என்று சொன்னேன்.